கேபிள் தரையிறங்குமா, கரையேறுமா?

அந்தமானுக்குப் போகும் இணையக் கேபிளைப் பற்றித் தமிழில் படிக்கும்போது ஒரு சொல் எனக்கு உறுத்தும்: ‘கேபிள் தரையிறங்கு நிலையம்’. கடலுக்கு அடியில் வரும் கேபிள் கரை சேரும் இடத்தை ஆங்கிலத்தில் ‘கேபிள் லேண்டிங் ஸ்டேஷன்’ என்பார்கள், அதன் மொழிபெயர்ப்பு. மேலே இருப்பதுதான் தரையிறங்கும். விமானம் தரையிறங்கும், பாராசூட் தரையிறங்கும். கடலுக்கு அடியில் கிடப்பது எங்கிருந்து இறங்கும்? ஏறித்தானே வர வேண்டும்!

ஆங்கிலத்தின் ‘லேண்டிங்’ முதலில் கப்பலில் வந்தவர் நிலம் சேர்வதைத்தான் குறித்தது. விமானம் அந்தச் சொல்லைப் பிற்பாடு வாங்கிக்கொண்டது. நாம் விமான நிலையத்தில் பழகிய பொருளைக் கொண்டுபோய்க் கடலில் போட்டுவிட்டோம்.

கடலூர்க்காரர்களுக்கு இந்தக் குழப்பம் வரவே கூடாது. வண்டிப்பாளையத்தை ஒட்டி கரையேறவிட்டகுப்பம் என்று ஓர் ஊரே இருக்கிறது. கல்லோடு கட்டிக் கடலில் தள்ளப்பட்ட அப்பர், அந்தக் கல்லே தெப்பமாகி மிதந்துவந்து கரையேறிய இடம் என்பது ஐதீகம். சித்திரையில் அதற்கு விழாவும் உண்டு. கடலூரின் மீனவர் பகுதியான தேவனாம்பட்டினத்துக்காரர்களும் படகைக் ‘கரை ஏத்தணும்’ என்றுதான் சொல்வார்கள். ‘மீன் இறங்குதளம்’ என்கிறோமே என்று கேட்கலாம். அங்கே மீன் படகிலிருந்து இறங்குகிறது, அது சரி. கேபிளுக்குப் பொருந்துவது கரையேறு நிலையம்.

அப்புறம் ‘கேபிள்’. கால்நடையைக் கட்டும் கயிற்றைக் குறித்த ‘கப்புலம்’ என்ற பிற்கால லத்தீன் சொல், பிரெஞ்சு வழியாக ஆங்கிலத்துக்கு வந்து கப்பல் கயிறாகி, பின்னர் மின்கம்பியானது. நம் ‘வடம்’ வந்த வழியும் ஏறக்குறைய இதுதான்: தேர்வடம், பிறகு கம்பிவடம். (நம் தெருவில் கேபிள் என்றால் டிவி. அதை மாற்ற யாராலும் முடியாது.) ஆழ்கடலில் கிடக்கும் இணைய வடம் தோட்டத்துக்குத் தண்ணீர் விடும் குழாய் அளவுதான் இருக்கும். உள்ளே முடி போன்ற கண்ணாடி இழைகள். கரையை நெருங்க நெருங்க, மீன்பிடி வலைக்கும் நங்கூரத்துக்கும் பயந்து, மேலே எஃகுக் கம்பிகளை முறுக்கிச் சுற்றுவார்கள். நிஜமாகவே தேர்வடம் போல் ஆவது அங்கேதான்.

கரை மணலுக்கு அடியில் ஒரு தொட்டி கட்டியிருப்பார்கள். கடல்வடமும் நிலத்து வடமும் அதற்குள் சேரும். அங்கிருந்து தரைக்கு அடியிலேயே போனால் நிலையம். வடத்தின் வழியே வரும் ஒளியை உள்ளூர் வலையமைப்புக்குக் கைமாற்றுவது அதன் ஒரு வேலை. இன்னொன்று, வழியில் ஒளிக்கு வலுவூட்டும் கருவிகளுக்கு ஆயிரக்கணக்கான வோல்ட் மின்சாரம் அனுப்புவது. ஆக, நிலையத்தில் மின்சாரம் அடியோடு போனால் கடலில் கிடக்கும் நல்ல வடமும் செத்த வடம்தான்.

அதனால்தான் இப்படிப்பட்ட நிலையத்துக்கு ஆங்கிலத்தில் ‘ரெசிலியன்ட்’ என்ற அடைமொழி வருகிறது. லத்தீனில் ‘பின்னுக்குத் துள்ளு’ என்று பொருள். இதை ‘உறுதியான’ என்று எழுதிவிட்டுப் போகிறார்கள். 2011 டிசம்பர் 30 அன்று ‘தானே’ புயல் அடித்தபோது கடலூரில் எத்தனையோ வீடுகள் உறுதியாகத்தான் நின்றன. மின்கம்பங்கள்தான் சாய்ந்து கிடந்தன. ஜெனரேட்டர் வைத்திருந்தவர் வீட்டு வாசலில் போனுக்கு சார்ஜ் போட நின்ற வரிசையில் நானும் இருந்தேன். விழுந்த பிறகு எவ்வளவு சீக்கிரம் எழுகிறோம் என்பதைச் சொல்ல ‘மீள்திறன்’ என்ற நல்ல சொல் இருக்கிறது.

தீவுக்கு அது இல்லாவிட்டால் என்ன ஆகும் என்பதற்குப் பசிபிக் தீவு நாடான டோங்கா சாட்சி. 2022 ஜனவரி 15 அன்று எரிமலை வெடித்தபோது, வெளியுலகுக்கு இருந்த ஒரே கடல்வடம் அறுந்தது. பிப்ரவரி 22 அன்றுதான் மீண்டது. தீவுகளுக்கு இடையே இருந்த உள்நாட்டு வடத்துக்கு ஒரு வருடத்துக்கு மேல் ஆயிற்று. சென்னையிலிருந்து அந்தமான் நிக்கோபாருக்குச் சுமார் 2,300 கி.மீ. நீளத்தில் போட்ட வடம் 2020 ஆகஸ்ட் 10 அன்று தொடங்கி வைக்கப்பட்டது. அதற்கு முன் செயற்கைக்கோள்தான் கதி. தீவில் மீள்திறன் வேண்டுமானால் இரண்டாவது வடம் வேறு கடல்வழியில் வந்து வேறு கரையில் ஏற வேண்டும். நிலையம் சுனாமி எட்டாத மேட்டில் இருக்க வேண்டும். பேட்டரியும் ஜெனரேட்டரும் வெள்ளம் தொடாத உயரத்தில், பல நாளைக்கான டீசலோடு.

சரி, எல்லாவற்றையும் சேர்த்து ‘கடல்வடக் கரையேறு நிலையம்’ என்று எழுதிப் பார்த்தேன். புணர்ச்சி சரிதான். ஆனால் படித்துப் பார்த்த நண்பர், “எந்த ஊர் வடக்குக் கரை?” என்று கேட்டார். அதனால் இப்போது ‘கடல்வடம் கரையேறும் நிலையம்’ என்று பிரித்தே எழுதுகிறேன்.