"எனக்கு மட்டும்தான் படியும்" என்கிற சைக்கிள்

தர்மபுரி, கிருஷ்ணகிரி பக்கம் தினமும் சைக்கிளில் வேலைக்குப் போகிறவர்கள் தங்கள் வண்டியைப் பற்றிப் பெருமையாகச் சொல்வது இது: "எனக்கு மட்டும்தாங்க படியும். வேற யாரு எடுத்தாலும் ஓட்டவே முடியாது." சைக்கிள் பட்டறையில் இருப்பவர் காதில் இது பாராட்டாக விழாது, புகாராகத்தான் விழும். வண்டி ஒரு பக்கம் இழுக்கிறது, ஓட்டுகிறவர் தோள் அதை மறுபக்கம் இழுத்துச் சரிகட்டுகிறது. இரண்டு மூன்று மாதத்தில் அந்த இழுப்பு அவருக்குத் தெரியாமலே போய்விடும். தோள்வலி மட்டும் மிஞ்சும்.

அதனால் முதல் சோதனைக்கு ஸ்பேனர் வேண்டாம். உங்கள் உயரமுள்ள ஒருவரிடம் வண்டியைக் கொடுத்து ஐந்து நிமிடம் ஓட்டச் சொல்லுங்கள். திரும்பி வந்ததும் அவர் சொல்லும் முதல் குறையைக் குறித்துக்கொள்ளுங்கள். "அது அப்படித்தான்" என்று உங்கள் வாயில் வந்தால், அந்த இடத்தில்தான் வேலை இருக்கிறது.

இழுப்பு என்றால் முன்பக்கத்தைப் பாருங்கள். முன்சக்கரத்தைத் தரையிலிருந்து தூக்கி ஹேண்டிலை விட்டால் அது தானாக ஒரு பக்கம் விழ வேண்டும். நடுவில் ஒட்டினாற்போல நின்றால், ஃபோர்க் கப்பில் (ஹேண்டில் கழுத்தில் இருக்கும் இரும்புக் கிண்ணம்) பால்ஸ் (சின்ன இரும்புக் குண்டுகள்) அழுத்தி அழுத்திக் குழி விழுந்துவிட்டது என்று அர்த்தம். கப், பால்ஸ் இரண்டையும் மாற்ற வேண்டும், கிரீஸ் வைத்தால் தீராது. அடுத்து, முன் பிரேக்கைப் பிடித்துக்கொண்டு வண்டியை முன்னும் பின்னும் ஆட்டுங்கள். கழுத்தில் 'டக்' என்று ஆடினால் அந்தப் பால்ஸை அழுத்திப் பிடிக்கும் கோன் தளர்ந்திருக்கிறது. இதை அப்படியே ஓட்டினால்தான் முன்னே சொன்ன குழி விழும்.

இரண்டாவது பேச்சு, "வண்டி கனமாப் போகுது." பாதிக்குப் பாதி, அது காற்றுக் குறைவுதான். நம் ஊரில் பலர் கிராமத்திலிருந்து மெயின் ரோடு வரை சைக்கிளில் வந்து, பஸ் ஸ்டாப்பில் நிறுத்திவிட்டு டவுன் பஸ் பிடிக்கிறார்கள். புளியமர நிழல் மத்தியானத்துக்குள் நகர்ந்துவிடும், சாயங்காலம் வரை வண்டி வெயிலில்தான். அந்தச் சூட்டில் வால்டியூப் (வால்வுக்குள் காற்றை அடைக்கும் சின்ன ரப்பர் குழாய்) சீக்கிரம் இளகி வெடிப்பு விடும், காற்று மெல்லக் கசியும். பஞ்சர் என்று டியூபைப் பிரிப்பதற்கு முன் வால்வ் முனையில் கொஞ்சம் எச்சில் தொட்டு வையுங்கள். குமிழ் வந்தால் வால்டியூபை மாற்றினால் போதும். இரண்டு அங்குலத் துண்டு ஒன்றைச் சீட் அடியில் சுருட்டி வைத்திருப்பவர்கள் வழியில் வண்டியைத் தள்ளிக்கொண்டு நடப்பதில்லை. காற்றழுத்தம் எவ்வளவு என்பது டயரின் பக்கவாட்டிலேயே அச்சிட்டிருக்கும். கட்டை விரலால் அமுக்கிப் பார்க்கும் கணக்கு, சீமைக்கருவேல முள் இருக்கும் ரோட்டில் ஏமாற்றிவிடும்.

காற்று சரியாக இருந்தும் கனம் என்றால், சீட்டைப் பாருங்கள். நிறுத்தும்போது இரண்டு காலும் தரையில் பதிய வேண்டும் என்ற பயத்தில் பெரும்பாலோர் அதை அடியோடு இறக்கி வைத்திருப்பார்கள். முட்டி எப்போதும் மடங்கியே மிதிக்கும், வலி முட்டிச்சில்லுக்குப் பின்னால் வரும். சரியான உயரம் இப்படி: சீட்டில் உட்கார்ந்து, பெடல் கீழே இருக்கும்போது குதிகாலை அதன்மேல் வைத்தால் கால் நேராக நீள வேண்டும். பிறகு பாதத்தின் முன்பகுதியால் மிதிக்கும்போது முட்டியில் லேசான மடக்கு தானாக வரும். சீட் கம்பி குறைந்தது இரண்டரை அங்குலம் ஃபிரேமுக்குள் இருக்க வேண்டும், அதற்குமேல் தூக்கக் கூடாது. அரசு தரும் பள்ளிச் சைக்கிளைப் பிள்ளை வளர்ந்தபின் அப்பாவோ அண்ணனோ வேலைக்கு எடுத்துப் போவது இங்கே சகஜம். கைமாறும்போது சீட் மட்டும் பழைய உயரத்திலேயே இருந்துவிடுகிறது.

சத்தம். "பழைய வண்டின்னா சத்தம் வரத்தான் செய்யும்" என்பதைவிடத் தப்பான ஆறுதல் கிடையாது. மிதிப்பதை நிறுத்தி வண்டியை உருள விடுங்கள். அப்போதும் சத்தம் தொடர்ந்தால் குறை சக்கரத்தில். நின்றுவிட்டால் பெடல், கிராங்க் (பெடல் மாட்டியிருக்கும் இரும்புக் கை), செயின் பக்கம். ஒரு சுற்று மிதிக்கு ஒருமுறை மட்டும் 'டொக்' என்றால் அநேகமாக, கிராங்கை அச்சோடு இறுக்கிப் பிடிக்கும் காட்டர் பின் தளர்ந்திருக்கும். அதை அப்படியே மிதித்தால் கிராங்கின் துளையே அகண்டுவிடும், சில ரூபாய்ப் பின்னுக்குப் பதில் கிராங்கையே மாற்ற வேண்டியிருக்கும். இடதுப் பெடலின் மரை எதிர்த்திசை. அவசரத்தில் வலதுபோல முடுக்கி மரையைக் கெடுத்துக்கொண்டு வருகிறவர்கள் மாதம் தவறாமல் உண்டு!

கிரானைட் லாரி ஓடும் ரோட்டில் போகிற செயினுக்குப் பழைய என்ஜின் ஆயிலோ தேங்காய் எண்ணெயோ விடாதீர்கள். கல்தூள் அதில் ஒட்டி அரம்போலச் செயினை அராவும். மண்ணெண்ணெயில் கழுவி, காய்ந்தபின் ஒவ்வொரு உருளைக்கும் ஒரு சொட்டு மெல்லிய எண்ணெய் விட்டு, வெளியே இருப்பதைத் துணியால் முழுக்கத் துடைத்துவிடுங்கள். தேய்மானம் பார்க்க, அடுத்தடுத்த 24 கண்ணிகளை ஸ்கேலில் அளக்கலாம். புதுச் செயினில் முதல் பின்னின் நடுவிலிருந்து கடைசிப் பின்னின் நடுவரை சரியாக 12 அங்குலம் வரும். கால் அங்குலத்தில் பாதி கூடியிருந்தால் செயினோடு ஃப்ரீவீலும் (பின்சக்கரத்துப் பல்சக்கரம்) போயிருக்க வாய்ப்பு அதிகம்.

பின்சக்கரத்தில் ஒரே வருடத்தில் இரண்டு மூன்று கம்பி (ஸ்போக்) அறுந்தால் ஒவ்வொன்றாக மாற்றாமல் முழுக்க மாற்றிக் கோட்டம் எடுத்துவிடுங்கள், மிச்சக் கம்பிகளும் அதே தேய்வில்தான் இருக்கும். பால் கேனை ஒரே பக்கம் தொங்கவிடுகிறவர்களுக்கு இது இன்னும் சீக்கிரம் வரும்.

பிரேக்கில் மட்டும் பழக்கத்தை நம்பவே கூடாது. இரும்பு ரிம் நனைந்தால் பிரேக் கட்டை வழுக்கும், நிற்கும் தூரம் பல மடங்கு நீளும். மழையில் இறக்கம் தொடங்கும் முன்பே இரண்டு பிரேக்கையும் லேசாகத் தொட்டுத் தொட்டு விட்டு ரிம்மில் உள்ள தண்ணீரை வழித்துவிட வேண்டும். லீவர் ஹேண்டிலைத் தொடும்வரை இழுபட்டால், அன்றைக்கு அந்த வண்டி ரோட்டுக்கு வரக் கூடாது.

எல்லாம் சரிசெய்து கொடுத்தால், மறுநாளே சிலர் வந்து நிற்பார்கள். "வண்டி என்னுது மாதிரியே இல்லீங்க, ஒரு மாதிரி மிதக்குது." உடம்பு இன்னும் பழைய கோணலுக்கே ஈடுகொடுத்துக்கொண்டிருப்பதால் வரும் உணர்வு அது, ஒரு வாரத்தில் போய்விடும். அதற்குள் சீட்டைத் திரும்ப இறக்கிவிடாதீர்கள். பயமாக இருந்தால் அரை அங்குலம் மட்டும் குறைத்து, நாலு நாள் ஓட்டியபின் ஏற்றிக்கொள்ளுங்கள்.