சேக்கல்

சேக்கல் முதலில் ஓர் எடையின் பெயர். எபிரெயத்தில் 'ஷாகல்' என்றால் நிறுத்தல். அந்த வேரில் பிறந்தது 'ஷெகெல்'. பண்டைய மெசொப்பொத்தேமியாவில் பேசிய அக்காதிய மொழியின் 'ஷிக்லு'வும் இதே குடும்பம்தான். மனைவியை அடக்கம் செய்ய வாங்கிய மக்பேலா நிலத்துக்கு ஆபிரகாம் 400 சேக்கல் கொடுத்தார் என்று விவிலியத்தின் ஆதியாகமம் சொல்வது, தராசில் நிறுத்துக் கொடுத்த வெள்ளியை. யூதா நாட்டில் ஒரு சேக்கலின் எடை ஏறக்குறைய 11 கிராம்.

எடை பின்னால் காசானது. யூதர்களின் எருசலேம் ஆலய வரி ஆளுக்கு அரை சேக்கல். அதை இன்றைய லெபனானில் உள்ள தீரு நகரத்து வெள்ளிக்காசில்தான் கட்டினார்கள். அதில் ஒரு பக்கம் மெல்கார்ட் என்ற தெய்வத்தின் தலை, மறுபக்கம் கழுகு. உருவமே கூடாது என்ற மதத்தின் ஆலயத்துக்குள் இப்படி ஒரு காசு! வெள்ளி சுத்தமாக இருந்ததால் கண்டுகொள்ளாமல் விட்டார்கள் போலும்.

கி.பி. 66இல் ரோமுக்கு எதிராகக் கிளர்ந்ததும் யூதர்கள் சொந்தமாகவே சேக்கல் அடித்தார்கள். தலையும் இல்லை, கழுகும் இல்லை. முன்பக்கம் ஒரு கிண்ணம், அதன் மேலே கிளர்ச்சியின் ஆண்டைக் குறிக்கும் எழுத்து, சுற்றிலும் 'இஸ்ரவேலின் சேக்கல்'. பின்பக்கம் ஒரே காம்பில் மூன்று மாதுளை மொட்டுகள், சுற்றிலும் 'பரிசுத்த எருசலேம்'. கிண்ணம் ஆலயப் பாத்திரம் என்பார்கள். மாதுளையோ தலைமை ஆசாரியரின் அங்கி ஓரத்தில் பொன்மணிகளோடு தொங்கியது. எழுத்துகூட அன்றாட எழுத்தல்ல, வழக்கொழிந்துகொண்டிருந்த பழைய எபிரெய எழுத்து. ஐந்தாம் ஆண்டுக் காசு மிக அரிது; கி.பி. 70இல் ஆலயமே எரிந்துவிட்டதே.

அப்புறம் பார் கோக்பா என்பவர் தலைமையில் ரோமுக்கு எதிராக இன்னொரு யூதக் கிளர்ச்சி, கி.பி. 132 முதல் 135 வரை. அப்போதைய பெரிய வெள்ளிக்காசை 'சேலா' என்பார்கள். அதில் நான்கு தூண்களோடு, இல்லாமல் போன ஆலயத்தின் முகப்பு. பின்னால் யூதர்களின் கூடாரப் பண்டிகைக்குக் கையில் பிடிக்கும் பேரீச்சங்குருத்தும் நாரத்தை வகைப் பழமும். புதுக் காசுக்குத் தகடு வார்க்கவில்லை, புழக்கத்தில் இருந்த ரோமானியக் காசின் மேலேயே முத்திரையை அடித்தார்கள். சில காசுகளில் பேரரசரின் மூக்கோ தாடையோ ஆலயத்துக்கு அடியில் இன்னும் தெரியும்.

சரி, தமிழில் என்ன சொல்வது? எடையாக இருந்து பணமான சொல் நம்மிடமும் உண்டு: கழஞ்சு. ஆனால் அது பொன்னோடு ஒட்டியது, எடையும் வேறு. அதைப் போட்டால் குழப்பம்தான். விவிலியத் தமிழில் ஊறிய 'சேக்கல்' போதும். விளக்கம் தேவைப்படும் இடத்தில் மட்டும் 'நிறைவெள்ளி' என்று சேர்த்துக்கொள்ளலாம். செய்திகளில் வரும் 'ஷெக்கல்' இன்றைய இஸ்ரேல் நாணயத்துக்கு. 1980இல் அந்நாடு பழைய பெயரையே தன் பணத்துக்கு வைத்துக்கொண்டது.