கோபுரம் ஏன் படத்தில் சாய்கிறது?

திருமங்கலத்திலிருந்து ஒரு வாசகி எழுதியிருக்கிறார். ஒளிப்படக் கலையைத் தாமாகவே கற்று வருகிறாராம். மீனாட்சியம்மன் கோயிலின் தெற்குக் கோபுரத்தைச் சித்திரை வீதியிலிருந்து எடுத்த படங்கள் எல்லாவற்றிலும் அது பின்பக்கமாகச் சாய்ந்து விழுவதுபோல் தெரிகிறது என்றும், விலை உயர்ந்த காமிரா வாங்கினால் இந்தக் குறை தீருமா என்றும் கேட்டிருக்கிறார்.

தீராது. எத்தனை லட்சம் கொடுத்து வாங்கிய காமிராவும் அதே இடத்தில் நின்று அதே கோணத்தில் அண்ணாந்து பார்த்தால் அதே சாய்வைத்தான் காட்டும். கோபுரம் இயல்பிலேயே மேலே போகப்போகக் குறுகுவது என்பதால், கட்டடத்தின் வடிவம் எது, காமிரா சேர்த்தது எது என்று முதலில் பிரித்தறிய வேண்டும். அதற்குக் கோபுரத்தை விட்டுவிட்டு, படத்தின் ஓரங்களில் இருக்கும் விளக்குக் கம்பங்களையும் கடைச் சுவர்களின் விளிம்புகளையும் பார்க்கலாம். தெருவில் நேராக நிற்கும் கம்பங்கள் படத்தில் உள்நோக்கிச் சாய்ந்திருந்தால், அந்தச் சாய்வு காமிரா கொடுத்தது.

அது எப்படி நேர்கிறது என்பதற்குப் பள்ளியில் படித்த ஊசித்துளைக் காமிராவே போதும். துளைக்கும் பொருளுக்கும் உள்ள தூரம் இரண்டு மடங்கானால் பிம்பம் பாதியாகும் என்று வடிவொத்த முக்கோணங்களை வைத்து நிறுவியிருப்போம். ஆனால் அங்கே 'தூரம்' என்பது துளையிலிருந்து பொருளுக்கு இழுத்த கயிற்றின் நீளம் அன்று. காமிரா எந்தத் திசையை நோக்குகிறதோ அந்தத் திசையில் மட்டும் அளந்த ஆழம். இந்த வேறுபாட்டைப் பாடத்தில் யாரும் அழுத்திச் சொல்வதில்லை. கோபுரம் சாய்வதும் நிமிர்வதும் முழுக்க இதில்தான் அடங்கியிருக்கிறது.

தெற்குக் கோபுரத்தின் உயரத்தைக் கணக்குக்காக 160 அடி என்று வைத்துக்கொண்டு, அதிலிருந்து 160 அடி தள்ளி நிற்பதாகக் கொள்வோம். காமிராவைத் தரைக்கு இணையாக, நேர் எதிரே பார்க்கும்படி பிடித்தால், கோபுரத்தின் அடிக்கும் உச்சிக்கும் ஆழம் ஒன்றே: 160 அடி. உச்சிக்குக் கயிறு கட்டி இழுத்தால் அது 226 அடி வரும் என்பது உண்மை. ஆயினும் பிம்பத்தின் அளவை அது தீர்மானிப்பதில்லை. ஆகவே, அடியில் ஒரு கைப்பிடி அகலமுள்ள சுதை உருவமும் உச்சியில் அதே அகலமுள்ள உருவமும் படத்தில் ஒரே அகலத்தில் விழும்; கம்பங்கள் செங்குத்தாகவே நிற்கும். இப்போது காமிராவை 30 பாகை மேலே தூக்கினால், அடிப்பகுதியின் ஆழம் ஏறத்தாழ 139 அடியாகக் குறைகிறது, உச்சியின் ஆழமோ 219 அடியாகக் கூடுகிறது. உச்சியில் உள்ள பொருள், அடியில் உள்ள அதே அளவுப் பொருளில் 63 விழுக்காடு அகலம்தான் பெறும். கோபுரத்துக்கு இயல்பாக உள்ள குறுகலோடு இதுவும் சேர்ந்துகொள்ள, பின்னால் சாயும் தோற்றம் வந்துவிடுகிறது.

எனவே முதல் பாடம், காமிராவை ரசமட்டம் பார்த்துப் பிடிப்பது. பெரும்பாலான கைபேசிகளில் அதற்கான கோடு திரையிலேயே தெரியும்படி அமைத்துக்கொள்ளலாம். படத்தைத் திருத்தும் செயலிகளில் சாய்வை நிமிர்த்தும் வசதியும் இருக்கிறது. அது மேற்பகுதியை இழுத்து விரிப்பதால் அங்கே நுணுக்கம் குறையும், ஓரங்களும் வெட்டுப்படும். கட்டடங்களைப் படமெடுப்பதையே தொழிலாகக் கொண்டவர்கள் ஷிஃப்ட் லென்ஸ் என்ற ஒன்றை வைத்திருப்பார்கள். காமிராவை மட்டமாகவே வைத்துக்கொண்டு, லென்ஸை மட்டும் சென்சாருக்கு மேலே சற்று நகர்த்தி, தேவையற்ற தரையை விட்டுவிட்டு உச்சியைப் படத்துக்குள் கொண்டுவருவது அதன் வேலை. அகன்ற கோணத்தில் மட்டமாக எடுத்து, பிறகு கீழே உள்ள சாலையை வெட்டிவிட்டால் நாமும் ஏறத்தாழ அதையே செய்தவர்களாகிறோம்.

காமிராவை மட்டமாகப் பிடிக்கப் பழகியவருக்கு இன்னொன்று தானாகவே கண்ணில் படும். என்னைப் பொறுத்தவரை ஒளிப்படக் கலையில் இதைவிட அழகான வடிவியல் உண்மை வேறு இல்லை. லென்ஸின் வழியாகத் தரைக்கு இணையாக ஒரு தளம் எல்லாத் திசைகளிலும் முடிவின்றி விரிந்து செல்வதாக நினைத்துக்கொள்ளுங்கள். அந்தத் தளத்தை நாம் அதன் விளிம்பிலிருந்து பார்ப்பதால், படத்தில் அது ஒரே ஒரு கோடாகச் சுருங்கிவிடும். ஓவிய ஆசிரியர்கள் அதைக் கண்மட்டம் என்பார்கள். திறந்த வெளியில் தொடுவானமும் அதே கோட்டில்தான் அமைகிறது. அந்தக் கோடு படத்திலுள்ள எதை வெட்டினாலும், பத்தடி தூரத்தில் நிற்பவரானாலும் அரை மைலுக்கு அப்பாலுள்ள பனைமரமானாலும், காமிரா இருந்த உயரத்தில்தான் வெட்டும். கொத்தனார்கள் நீளமான பிளாஸ்டிக் குழாயில் தண்ணீர் நிரப்பி, ஒரு முனையை இந்தச் சுவரிலும் மறு முனையை அந்தச் சுவரிலும் பிடித்து மட்டம் குறிப்பார்களே, அந்த மட்டம் ஊர் முழுவதற்கும் குறிக்கப்பட்டு ஒவ்வொரு படத்திலும் இருக்கிறது.

சித்திரைத் திருவிழாவில் அழகர் வைகையில் இறங்கும் காட்சியை எடுத்துக்கொள்வோம். ஆற்றுக்குள் கூட்டத்தோடு கூட்டமாக நின்று எடுத்த படத்தில், அருகில் நிற்பவரின் தலையும் நூறடிக்கு அப்பால் நிற்பவரின் தலையும் ஏறக்குறைய ஒரே கோட்டில் அடுக்கி வைத்ததுபோல் இருக்கும். உருவங்கள் தூரம் போகப்போகச் சிறுக்கின்றன. தலைகள் மட்டும் கோட்டை விட்டு நகர்வதில்லை. எடுத்தவரின் கண்ணும் அவர்களின் கண்ணும் ஒரே உயரத்தில் இருந்தன என்பதற்கு அதுவே சான்று. ஏ.வி. பாலத்தின் மேலிருந்து எடுத்த படத்திலோ கண்மட்டம் எல்லாத் தலைகளுக்கும் மேலே போய்விடும்; தூரத்தில் இருப்பவர்கள் படத்தில் மேலே ஏறி, கூட்டம் முழுவதும் ஒரு பரப்பாக விரியும். முன்னது நம்மைக் கூட்டத்துக்குள் நிறுத்துகிறது, பின்னது கூட்டத்தின் அளவைக் காட்டுகிறது. எது வேண்டும் என்று தீர்மானித்த பிறகுதான் நிற்கும் இடத்தைத் தேட வேண்டும்.

தொடுவானம் தெரியாத இடங்களிலும் இந்தக் கோட்டைக் கண்டுபிடித்துவிடலாம். திருமலை நாயக்கர் மகாலின் தூண் வரிசையை நீளவாக்கில் காட்டும் படம் ஒன்றை எடுத்து, தூண்களின் அடிகளைத் தொட்டுச் செல்லும் கோட்டையும் மேல்விளிம்புகளைத் தொட்டுச் செல்லும் கோட்டையும் அடிக்குச்சி வைத்து நீட்டினால், இரண்டும் ஒரு புள்ளியில் சந்திக்கும். அந்தப் புள்ளியின் வழியாகப் படுக்கையாக இழுக்கும் கோடுதான் கண்மட்டம். அது ஒரு தூணை அதன் உயரத்தில் பத்தில் ஒரு பங்கில் வெட்டினால், அத்தூண் காமிராவின் உயரத்தைப்போல் பத்து மடங்கு உயரம். எடுத்தவர் ஐந்தடி உயரத்தில் காமிராவைப் பிடித்திருந்தால் தூணின் உயரம் ஐம்பது அடி. ஏணியும் வேண்டாம், நாடாவும் வேண்டாம். காமிரா மட்டமாக இருந்திருக்க வேண்டும், தூணும் எடுத்தவரும் ஒரே தரைமட்டத்தில் இருக்க வேண்டும் என்ற இரண்டு நிபந்தனைகள் மட்டுமே உண்டு.

பிறர் எடுத்த படங்களிலிருந்து கற்பது என்றால் முதலில் இதைத்தான் செய்யச் சொல்வேன். சட்டகத்தை மூன்று மூன்றாகப் பிரித்து, கோடுகள் வெட்டும் இடத்தில் முக்கியப் பொருளை வைக்க வேண்டும் என்ற விதியை வகுப்புகளில் முதல் நாளே சொல்லிவிடுகிறார்கள். அதற்குத் தரும் முக்கியத்துவம் மிக அதிகம் என்பது என் கருத்து. அலங்காநல்லூர் சல்லிக்கட்டில் கேலரியின் மேலிருந்து எடுத்த படத்தில், கண்மட்டம் காளைக்கு வெகு உயரே இருப்பதால், காளையின் பின்னணி முழுவதும் மண்ணும் மனிதர்களின் கால்களுமாகவே இருக்கும். தடுப்புக்குப் பின்னால் குந்தியிருந்து, இரண்டடி உயரத்தில் காமிராவை வைத்தால், வாடிவாசலை விட்டுப் பாயும் காளையின் திமில் கண்மட்டத்தை உடைத்துக்கொண்டு மேலெழும். சட்டகத்தில் காளையை எந்த மூலையில் வைத்தாலும் முதல் படத்தால் இரண்டாவதின் வலிமையைப் பெற முடியாது.

உயரத்தைப் போலவே தூரமும் படத்தில் பதிவாகிறது. யானைமலையின் முன்னால் நண்பரை நிறுத்தி மூன்று மீட்டர் தூரத்திலிருந்து ஒரு படம் எடுங்கள். பிறகு பன்னிரண்டு மீட்டருக்குப் பின்வாங்கி, நான்கு மடங்கு ஜூம் செய்து இன்னொன்று எடுங்கள். இரண்டிலும் நண்பர் ஒரே அளவில் இருப்பார். மலையோ இரண்டாவதில் நான்கு மடங்கு பெரிதாக, அவருடைய தோளுக்குப் பின்னாலேயே எழுந்து நிற்கும். பல கிலோமீட்டர் தள்ளியிருக்கும் மலைக்கு நாம் பின்வாங்கிய ஒன்பது மீட்டர் ஒரு பொருட்டே இல்லை. நண்பருக்கோ தூரம் நான்கு மடங்காகிவிட்டது. மலையை வளர்த்தது ஜூம் என்று பலரும் நம்புகிறார்கள். பின்வாங்கியதுதான் வளர்த்தது, ஜூம் செய்ததெல்லாம் நண்பரைப் பழைய அளவுக்குக் கொண்டுவந்து, சுற்றியிருப்பதை வெட்டியது மட்டுமே.

வெளிச்சத்தைப் பற்றி இங்கே சுருக்கமாகவே சொல்கிறேன். ஒருவரின் நிழல் அவருடைய உயரத்துக்குச் சமமாக இருந்தால் சூரியன் 45 பாகை உயரத்தில் இருக்கிறது. மதுரை ஏறத்தாழ 10 பாகை வடக்கு அட்சரேகையில் இருப்பதால், ஏப்ரல் நடுவிலும் ஆகஸ்டு இறுதியிலும் பகல் 12.18 மணி அளவில் சூரியன் நேர் உச்சிக்கு வரும். அந்த நேரத்தில் எடுத்த முகங்களில் கண்குழிகள் இருண்டுவிடும். தஞ்சைப் பெரிய கோயில் விமானத்தின் நிழல் தரையில் விழாது என்ற கதையையும் படம் பார்த்துச் சோதிக்கலாம். சூரியன் நேர் உச்சிக்கு வரும்போது அகன்ற அடிப்பகுதிக்கு உள்ளேயே அடங்கிவிடும் நிழல், காலையிலும் மாலையிலும் பிரகாரத்தின் தரையில் நீண்டு கிடப்பது எத்தனையோ படங்களில் தெளிவாகப் பதிவாகியிருக்கிறது. அதைக் கட்டியவர்களின் பெருமைக்கு அவர்களுடைய கணக்கும் கல்வேலையும் போதும். இல்லாத அதிசயம் ஒன்றைப் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுப்பது அந்தப் பெருமையைக் குறைப்பதாகும்.

படத்திலிருந்து அளவெடுக்கும் இந்தக் கலைக்கும் மதுரைக்கும் 1858 என்ற ஆண்டு பொதுவாக அமைந்திருக்கிறது. சென்னை மாகாண அரசின் ஒளிப்படக்காரராக இருந்த லின்னேயஸ் டிரைப், அந்த ஆண்டில் மதுரையின் கோயிலையும் நாயக்கர் மகாலையும் தெப்பக்குளத்தையும் மெழுகிட்ட தாள் நெகட்டிவ்களில் பதிவு செய்தார். அந்த நெகட்டிவ்களிலிருந்து அச்சிட்ட படங்களில் வானம் வெறுமையாக வெளுத்துவிடும் என்பதால் மேகங்களைத் தூரிகையால் தீட்டிச் சேர்ப்பதும் அவர் வழக்கம். அதே 1858இல் ஜெர்மனியின் வெட்ஸ்லார் நகரப் பேராலயத்தை அளந்துகொண்டிருந்த கட்டடக் கலைஞர் ஆல்பிரெக்ட் மைடன்பாவர், உயரத்திலிருந்து விழப் பார்த்துத் தப்பினார். உயிரைப் பணயம் வைத்து ஏறி அளப்பதற்குப் பதிலாகப் படமெடுத்து அளந்தால் என்ன என்று அவர் யோசித்ததிலிருந்து வளர்ந்ததே ஃபோட்டோகிராமெட்ரி என்னும் துறை. பிரஷ்ய அரசு 1885இல் இதற்கென்றே ஒரு நிறுவனத்தை ஏற்படுத்தியது. இன்று ஒரே பொருளை ஒன்றன்மேல் ஒன்று படியும் பல கோணங்களில் எடுத்து, மெஷ்ரூம் போன்ற இலவச மென்பொருளிடம் கொடுத்தால், ஒவ்வொரு படத்தையும் எடுத்தபோது காமிரா எங்கே இருந்தது என்பதை அது கண்டுபிடித்து, முப்பரிமாண உருவத்தையே கட்டித் தருகிறது.

நேப்பியர் பிரபு ஆளுநராக இருந்த காலத்தில் நாயக்கர் மகால் சீரமைக்கப்படுவதற்கு முன்பு அது எந்த நிலையில் கிடந்தது என்பது டிரைப்பின் படங்களால்தான் நம் கண்ணுக்குத் தெரிகிறது. 2018 பிப்ரவரியில் மீனாட்சியம்மன் கோயிலின் வீரவசந்தராயர் மண்டபம் தீயில் சிதைந்தபோது, எரிந்துபோகக்கூடிய, உடைந்துபோகக்கூடிய ஒவ்வொன்றுக்கும் இப்படி ஒரு பதிவு முன்கூட்டியே இருக்க வேண்டும் என்ற எண்ணம் எனக்கு மிக அழுத்தமாக எழுந்தது. குடமுழுக்குக்குக் கோபுரத்தில் வண்ணம் பூசுவதற்குச் செலவிடும் தொகையில் ஒரு சிறு பங்கை ஒதுக்கி, மதுரைக் கல்லூரிகளின் இயற்பியல், கணினித்துறை மாணவர்களைக் கொண்டு கோபுரங்களையும் கீழக்குயில்குடிச் சமணர் மலைச் சிற்பங்களையும் அளவோடு பதிவு செய்யலாம். விலை உயர்ந்த கருவிகள் ஏதும் தேவையில்லாத ஆராய்ச்சி இது. இதற்கும் பணம் ஒதுக்க மனம் வராதது வருத்தம் தருகிறது.

வாசகியின் கோபுரத்துக்கு வருவோம். கைபேசியின் வழக்கமான லென்ஸில், நெட்டாகவும் மட்டமாகவும் பிடித்தால், கண்மட்டத்துக்கு மேலே உள்ள உயரத்தைப்போல் ஏறத்தாழ ஒன்றரை மடங்கு தூரம் தள்ளி நிற்க வேண்டும். தரையில் நின்றால் அது 230 அடிக்கும் மேலாகிறது. சித்திரை வீதியில் அவ்வளவு இடம் கிடைக்காது. 0.5 என்று குறித்த அகன்ற லென்ஸ் இருந்தால் இதில் பாதித் தூரம் போதும், கீழே வரும் சாலையை வெட்டிவிடலாம். அதைவிட நல்ல வழி, தெரிந்தவர்களிடம் கேட்டு அருகிலுள்ள மொட்டை மாடி ஒன்றில் ஏறுவது. மாடி 50 அடி உயரமானால், கண்மட்டத்துக்கு மேலே மீதமிருப்பது சுமார் 105 அடி. 160 அடி தள்ளியிருந்தாலே கோபுரம் முழுவதும் நிமிர்ந்து சட்டகத்துக்குள் வந்துவிடும். சுதைச் சிற்பங்கள் துலங்கக் காலை எட்டு மணிக்கு முன்னால் போவது நல்லது. தெற்கு முகத்தில் பக்கவாட்டு வெயில் விழ வேண்டுமானால், சூரியன் தெற்கே சாய்ந்திருக்கும் மார்கழி, தை மாதங்கள்தான் ஏற்றவை.