உங்கள் ஓட்டை வேறொருவர் போட்டுவிட்டால்: 49பி முதல் 17சி வரை

ஒவ்வொரு தேர்தலுக்கும் முந்தைய வாரம் வாட்ஸ்அப்பில் ஒரு தகவல் சுற்றும். பட்டியலில் பெயர் இல்லாவிட்டால் ஆதாரைக் காட்டி ‘சேலஞ்ச் ஓட்டு’ போடலாமாம். உங்கள் ஓட்டை யாராவது போட்டுவிட்டால் ‘டெண்டர் ஓட்டு’ கேட்கலாமாம். டெண்டர் ஓட்டு 14 சதவீதத்தைத் தாண்டினால் அந்தச் சாவடியில் மறு வாக்குப்பதிவு நடக்குமாம். மூன்றில் இரண்டாவது மட்டும்தான் உண்மை. முதலாவது சட்டத்துக்கு நேர் எதிரானது. 14 சதவீதக் கணக்கு எந்தச் சட்டத்திலும் விதியிலும் இல்லை. இதை நம்பிச் சாவடியில் வாக்குவாதம் செய்பவர்கள், உண்மையில் தங்களுக்கு இருக்கும் உரிமையைக் கேட்காமலே வீடு திரும்புகிறார்கள்.

வாக்காளர் பட்டியலுக்கு 1950-ஆம் ஆண்டின் மக்கள் பிரதிநிதித்துவச் சட்டம், தேர்தல் நடத்துவதற்கு 1951-ஆம் ஆண்டின் சட்டம், சாவடிக்குள் யார் எந்தத் தாளில் என்ன எழுத வேண்டும் என்பதற்கு 1961-ஆம் ஆண்டின் தேர்தல் நடத்தை விதிகள். 49 என்று தொடங்கும் எண்களெல்லாம் இந்த விதிகளில் வருபவை. சட்டத்தில் இடமில்லாமல் எதுவும் செல்லாது என்பதற்கு மின்னணு இயந்திரமே சாட்சி. 1982-இல் கேரளத்தின் பரவூர் தொகுதியில் 50 சாவடிகளில் அதைப் பயன்படுத்தினார்கள். சட்டம் வாக்குச்சீட்டைத்தான் சொல்கிறது, இயந்திரத்தைச் சொல்லவில்லை என்று 1984-இல் உச்ச நீதிமன்றம் அந்தத் தேர்தலை ரத்து செய்து, அந்தச் சாவடிகளில் மறுபடி ஓட்டுப் போட வைத்தது. அதன் பிறகுதான் 1989-இல் 61ஏ என்ற பிரிவு சேர்க்கப்பட்டு இயந்திரத்துக்குச் சட்ட அனுமதி கிடைத்தது.

பட்டியலில் பெயர் இல்லையென்றால்

ஓட்டு இல்லை. 1951 சட்டத்தின் 62-ஆவது பிரிவு இதில் விதிவிலக்கே வைக்கவில்லை. வாக்காளர் அட்டை கையில் இருந்தாலும் பட்டியலில் பெயர் இல்லாவிட்டால் பயனில்லை. பெயர் இருந்து அட்டை தொலைந்துவிட்டால் கவலை வேண்டாம். ஆதார், பான், ஓட்டுநர் உரிமம், கடவுச்சீட்டு, புகைப்படம் ஒட்டிய வங்கி அல்லது அஞ்சலக பாஸ்புக் என்று தேர்தல் ஆணையம் அறிவித்த ஆவணங்களில் ஒன்று போதும். பூத் சிலிப் மட்டும் 2019 முதல் அடையாளமாக ஏற்கப்படுவதில்லை.

பெயரைச் சேர்க்கப் படிவம் 6, முகவரி மாற்றத்துக்கும் திருத்தத்துக்கும் படிவம் 8, நீக்கத்துக்குப் படிவம் 7. வேட்புமனு தாக்கலின் கடைசி நேரம் முடிந்ததும், தேர்தல் முடியும்வரை பட்டியலில் ஒரு பெயரைக்கூடச் சேர்க்கவோ நீக்கவோ முடியாது. ஆகவே வாக்குப்பதிவுக்கு முதல் நாள் பட்டியலைத் தேடிப் பார்ப்பதால் ஒரு பலனும் இல்லை.

பலர் குழப்பிக்கொள்ளும் இடம் ஒன்று உண்டு. வீட்டில் இல்லாதவர், குடிபெயர்ந்தவர், இறந்தவர் என்று குறித்த தனிப் பட்டியல் ஒன்று சாவடியின் தலைமை அலுவலரிடம் இருக்கும். அதில் உங்கள் பெயர் வந்துவிட்டால் ஓட்டு பறிபோனதாக அர்த்தமில்லை. அடையாளத்தைக் காட்டி, உறுதிமொழி எழுதித் தந்து, கையெழுத்துடன் கைரேகையும் வைத்தால் வழக்கம்போல இயந்திரத்திலேயே ஓட்டுப் போடலாம். ‘உங்கள் பெயர் அடிபட்டுவிட்டது’ என்று யாராவது வாசலிலேயே திருப்பி அனுப்பினால், எந்தப் பட்டியலில் அடிபட்டது என்று கேளுங்கள்.

டெண்டர் ஓட்டு

ஓட்டுப் போட வருபவர்கள் கையெழுத்திடும் 17ஏ பதிவேட்டில், உங்கள் வரிசை எண்ணுக்கு நேரே ஏற்கெனவே ஒரு கையெழுத்து இருக்கிறது. உங்கள் விரலிலோ மை இல்லை. இதற்காகத்தான் விதி 49பி (49P). சினிமா புண்ணியத்தில் இந்த எண் பலருக்கும் தெரியும், நடைமுறைதான் தெரியாது. முதல் வாக்குச்சாவடி அலுவலரிடம் முறையிட்டுக்கொண்டு நிற்க வேண்டாம். சாவடியின் தலைமை அலுவலரிடம் நேராகப் போய் 49பி-யின் கீழ் ஓட்டுப் போட வேண்டும் என்று சொல்லுங்கள். நீங்கள்தான் அந்த நபர் என்று உறுதிசெய்துகொள்ள அவர் கேள்விகள் கேட்பார். பதில் சரியாக இருந்தால் படிவம் 17பி-யில் (17B) உங்கள் பெயரை எழுதிக் கையெழுத்து வாங்கிக்கொண்டு ஒரு காகித வாக்குச்சீட்டைத் தருவார். அதன் பின்புறம் ‘ஆய்வுக்குரிய வாக்குச்சீட்டு’ என்று முத்திரையோ கையெழுத்தோ இருக்க வேண்டும். இல்லையென்றால் எழுதச் சொல்லுங்கள். மறைப்புக்குள் போய் முத்திரை குத்தி, மடித்து அவரிடமே கொடுக்க வேண்டும். அதற்கென்று உள்ள உறையில் அதைப் போட்டு வைப்பார். இயந்திரத்தின் பொத்தானை அழுத்த இந்த விதியில் இடமில்லை; ‘மெஷினில் போட விடுங்கள்’ என்று கேட்பது வீண் வாதம்.

அந்த உறை எண்ணிக்கை நாளில் திறக்கப்படாது. தேர்தல் வழக்கில் நீதிமன்றம் சொன்னால் மட்டுமே அந்தச் சீட்டுக்கு உயிர் வரும். அப்படியென்றால் எதற்கு இந்தப் பாடு என்று தோன்றலாம். 2008-இல் ராஜஸ்தானின் நாத்துவாரா சட்டமன்றத் தொகுதியில் காங்கிரஸ் வேட்பாளர் சி.பி.ஜோஷி தோற்றது ஒரே ஒரு ஓட்டில். டெண்டர் ஓட்டுகளை எண்ணலாமா என்ற கேள்வி உச்ச நீதிமன்றம்வரை போனது. உங்கள் பெயரில் கள்ள ஓட்டு விழுந்ததற்கு அரசு ஆவணமாக நிற்பது 17பி-யில் உள்ள அந்த ஒரு வரிதான். வாய்மொழிப் புகாரோடு திரும்பிவிட்டால் 17ஏ-யில் உள்ள கையெழுத்து உங்களுடையதாகவே கணக்கில் நிற்கும். ஆள்மாறாட்டத்துக்கு 1 ஆண்டு வரை சிறை உண்டு.

சேலஞ்ச் செய்வது யார்?

வாக்காளர் அல்ல, வேட்பாளரின் சார்பில் சாவடியில் உட்காரும் பூத் ஏஜென்ட். வந்திருப்பவர் உண்மையான ஆள் இல்லை என்று சந்தேகப்பட்டால், ஓர் ஆட்சேபணைக்கு 2 ரூபாய் வீதம் ரொக்கமாகக் கட்டி எதிர்ப்புத் தெரிவிக்கலாம். 1961-இல் எழுதிய அதே 2 ரூபாய்தான். அதனால் ஏஜென்டுகள் சட்டைப்பையில் சில்லறை வைத்துக்கொள்வது நல்லது. தலைமை அலுவலர் உடனே விசாரிப்பார். ஆட்சேபணை நிரூபணமானால் வந்தவர் போலீசில் ஒப்படைக்கப்படுவார். இல்லையென்றால் அவர் இயந்திரத்தில் ஓட்டுப் போடுவார். வேண்டுமென்றே இழுத்தடித்ததாகத் தெரிந்தால் 2 ரூபாய் திரும்பாது.

விவிபாட்டில் வேறு சின்னம் தெரிந்தால்

விவிபாட் என்பது ஓட்டைக் காகிதச் சீட்டில் அச்சிட்டுக் காட்டும் கருவி. பொத்தானை அழுத்தியதும் வேட்பாளரின் வரிசை எண், பெயர், சின்னம் அச்சான சீட்டு 7 விநாடி கண்ணாடிக்குப் பின்னால் தெரியும். நீங்கள் போட்டது ஒன்று, தெரிந்தது வேறு என்றால் விதி 49எம்ஏ-யின் கீழ் புகார் செய்யலாம். ஆனால் இது எழுத்துப்பூர்வப் புகார். பொய்யென்று தெரிந்தால் 6 மாதம் வரை சிறை என்ற எச்சரிக்கையைப் படித்துவிட்டுத்தான் கையெழுத்திட வேண்டும். பிறகு 17ஏ-யில் உங்கள் பெயரில் இரண்டாவது பதிவு எழுதப்படும். தலைமை அலுவலரும் ஏஜென்டுகளும் பார்க்க ஒரு சோதனை ஓட்டுப் போடுவீர்கள். புகார் உண்மையானால் அந்த இயந்திரத்தில் வாக்குப்பதிவு அப்போதே நிற்கும். தவறானால், சோதனை ஓட்டு எந்த வேட்பாளருக்கு விழுந்தது என்று 17ஏ-யிலும், பதிவான ஓட்டுகளின் கணக்கைக் காட்டும் படிவம் 17சி-யிலும் குறித்து, எண்ணும்போது கழித்துவிடுவார்கள்.

சீட்டைச் சரியாகக் கவனிக்காமல் சந்தேகத்தில் புகார் கொடுப்பவர்கள் இதில்தான் மாட்டிக்கொள்கிறார்கள். அந்த 7 விநாடியும் கண்ணை வேறெங்கும் திருப்பாதீர்கள்.

ஏஜென்ட் கேட்டு வாங்க வேண்டிய தாள்

வாக்குப்பதிவு தொடங்குவதற்கு 90 நிமிடம் முன்பு மாதிரி வாக்குப்பதிவு நடக்கும். நோட்டா உட்பட எல்லாப் பொத்தானுக்கும் சேர்த்து குறைந்தது 50 ஓட்டு. முடிந்ததும் ‘குளோஸ்’, ‘ரிசல்ட்’, ‘கிளியர்’ என்று வரிசையாக அழுத்திக் கணக்கைப் பூஜ்யமாக்க வேண்டும். விவிபாட்டில் விழுந்த மாதிரிச் சீட்டுகளை எடுத்து, பின்புறம் முத்திரை குத்தி, கறுப்பு உறையில் வைத்து மூட வேண்டும். ஓட்டுகள் பதிவாகும் கட்டுப்பாட்டுக் கருவியில் பச்சைக் காகித முத்திரை ஒட்டும்போது ஏஜென்டுகளும் கையெழுத்திடலாம். அதிகாலை அவசரத்தில் ‘கிளியர்’ மறந்துபோவது நடக்கிறது. மாலையில் 50 ஓட்டு கூடுதலாகத் தெரியும். சதி என்று வதந்தி கிளம்பும். ஏஜென்ட் மாதிரி வாக்குப்பதிவு தொடங்கும்போதே சாவடியில் இருந்து, திரையில் பூஜ்யத்தைப் பார்த்து மாதிரி வாக்குப்பதிவுச் சான்றிதழில் கையெழுத்திட்டால் இந்தக் கூத்தே வராது.

மாலையில் வாங்க வேண்டியது படிவம் 17சி-யின் முதல் பகுதி. விதி 49எஸ்-இன்படி, தலைமை அலுவலர் அதன் நகலை அங்கே இருக்கும் ஒவ்வொரு ஏஜென்டுக்கும் ரசீது வாங்கிக்கொண்டு தந்தாக வேண்டும். படித்துப் பார்க்காமல் மடித்துப் பையில் வைக்காதீர்கள். 17ஏ-யில் 812 பேர் என்று வைத்துக்கொள்வோம். கையெழுத்திட்ட பிறகு ஓட்டுப் போட மறுத்தவர்கள் 3 பேர், ரகசியத்தை மீறியதால் அனுமதிக்கப்படாதவர் ஒருவர் என்றால், இயந்திரம் காட்ட வேண்டியது 808. ஒன்று கூடினாலும் குறைந்தாலும் காரணம் படிவத்திலேயே எழுதப்பட வேண்டும். டெண்டர் சீட்டு எத்தனை வந்தது, எத்தனை கொடுக்கப்பட்டது, எத்தனை மிச்சம் என்பதும், கட்டுப்பாட்டுக் கருவியின் எண்ணும், காகித முத்திரைகளின் வரிசை எண்களும் அதிலேயே வரும். எண்ணும் மேசைக்கு வரும் கருவியின் எண்ணை இந்தத் தாளோடு ஒப்பிட்டால்தான், காலையில் பார்த்த அதே கருவிதான் இது என்று சொல்ல முடியும். ஏஜென்ட் 4 மணிக்கே கிளம்பிப்போன சாவடியில் கட்சியின் கையில் இந்தக் கணக்கு இருக்காது. நடைமுறையில் மிக அதிகமாக நடக்கும் தவறு இதுதான்.

எண்ணிய பிறகு

ஒவ்வொரு சட்டமன்றப் பகுதியிலும் குலுக்கலில் எடுத்த 5 சாவடிகளின் விவிபாட் சீட்டுகள் எண்ணப்படும். இது 2019-இல் உச்ச நீதிமன்றம் சொன்ன எண்ணிக்கை. மற்ற சாவடிகளின் சீட்டையும் எண்ணச் சொல்லி வேட்பாளரோ ஏஜென்டோ எழுத்தில் கேட்கலாம் என்று விதி 56டி சொல்கிறது. ஏற்பதும் மறுப்பதும் தேர்தல் நடத்தும் அலுவலரின் முடிவு, ஆனால் காரணத்தை எழுதித்தான் மறுக்க முடியும். எண்ணிப் பார்த்து முரண்பட்டால் காகிதச் சீட்டின் கணக்கே செல்லும்.

உச்ச நீதிமன்றத்தின் 2024 ஏப்ரல் 26 தீர்ப்பின்படி, இரண்டாம், மூன்றாம் இடம் வந்த வேட்பாளர்கள் 7 நாட்களுக்குள் எழுதிக் கொடுத்தால் 5 சதவீத இயந்திரங்களின் நினைவகம் சரிபார்க்கப்படும். செலவு அவர்களுடையது, முறைகேடு தெரிந்தால் பணம் திரும்பும்.

முடிவையே எதிர்ப்பதானால் ஒரே வழி உயர் நீதிமன்றத்தில் தேர்தல் மனு. வேட்பாளர் மட்டுமல்ல, அந்தத் தொகுதியின் எந்த வாக்காளரும் போடலாம். முடிவு அறிவித்த நாளிலிருந்து 45 நாள். ஒரு நாள் தாமதமானாலும் மன்னிப்பு கிடையாது. பிணைத்தொகை 2,000 ரூபாய். வழக்கு இல்லாவிட்டால் சாவடி கேமராப் பதிவுகளை 45 நாளுக்குப் பிறகு அழித்துவிடலாம் என்று ஆணையம் 2025 மே மாதம் சொல்லியிருப்பதால், மனு தயாராகும்போதே பதிவுகளைப் பத்திரப்படுத்தக் கோரும் விண்ணப்பத்தையும் வழக்கறிஞரிடம் எழுதச் சொல்லுங்கள்.