ஒரே மோட்டாரில் படமும் குரலும்

1927 அக்டோபர் 6 அன்று நியூயார்க்கில் வெளியான 'தி ஜாஸ் சிங்கர்' ஒரு யூதக் குடியேறிக் குடும்பத்தின் கதை. மகனும் தன்னைப் போல ஜெப ஆலயத்தில் பாட வேண்டும் என்பது தந்தையின் பிடிவாதம்; மகன் போவதோ மேடைக்கு. அந்தப் படத்தின் ஃபிலிமில் ஒலியே கிடையாது. மகனாக நடித்துப் பாடிய ஆல் ஜோல்சனின் குரல் முழுக்க இசைத்தட்டுகளில்தான் இருந்தது. வைட்டாஃபோன் என்பது அந்த முறையின் பெயர்.

புரொஜெக்டரையும் இசைத்தட்டையும் ஒரே மோட்டார் சுழற்றும். ஃபிலிம் வினாடிக்கு 24 பிரேம் ஓடினால் 1,000 அடி ரீல் சுமார் 11 நிமிடம் வரும். அன்றைய 78 சுற்றுத் தட்டுகளில் அவ்வளவு நேரம் அடங்காது. அதனால் தட்டின் விட்டத்தை 16 அங்குலமாக்கி, வேகத்தை நிமிடத்துக்கு 33⅓ சுற்றாகக் குறைத்தார்கள். முள் உள்ளிருந்து வெளிப்பக்கமாக நகரும். நடுவில் வரிப்பள்ளம் மெதுவாக ஓடுவதால் அலைகள் நெருக்கமாக இருக்கும். அங்கே கூர்மையான புது முள் தேவை. முள் தேய்ந்து விளிம்புக்கு வரும்போது அலைகள் அகன்றிருக்கும். அருமையான யோசனை இது. ஆனாலும் எஃகு முள் தட்டை அரித்துவிடும். சுமார் 20 முறை ஓட்டியதும் தட்டைக் கழித்துவிட வேண்டும்.

ஆபரேட்டர் ஃபிலிமின் தொடக்கப் பிரேமைப் படச்சட்டத்தில் நிறுத்தி, தட்டிலுள்ள அம்புக்குறியில் முள்ளை வைத்து, பிறகே மோட்டாரை ஓட்டுவார். 89 நிமிடப் படத்துக்கு 15 ரீல், 15 தட்டு; எல்லா ரீலும் முழு நீளம் அல்ல.

ஃபிலிம் அறுந்தால் ஆபத்து. பழுதான 12 பிரேமை வெட்டி ஒட்டினால், அதன் பிறகு உதட்டசைவு குரலை விட அரை வினாடி முந்திவிடும். வெட்டிய அளவுக்குக் கறுப்புப் பிரேம்களைச் சேர்த்தே ஒட்ட வேண்டும். முள் ஒரு வரி தாண்டினால் இன்னும் மோசம்: ஒரு சுற்று 1.8 வினாடி, அதாவது 43 பிரேம். ரீல் முடியும்வரை குரல் ஒட்டவே ஒட்டாது.

படப்பிடிப்பிலும் இதே நெருக்கடிதான். மெழுகுத்தட்டில் பதிந்ததை வெட்டி ஒட்ட வழியில்லை. ஒரு காட்சியின் ஒலியை ஒரே மூச்சில் பதிய வேண்டும். படத்தில் வசனம் ஒலிப்பது மொத்தமே சுமார் இரண்டு நிமிடம். பியானோ முன் அமர்ந்து தாயிடம் மகன் பேசிக்கொண்டே போகும்போது தந்தை நுழைந்து "நிறுத்து!" என்கிறார். உடனே படம், வசனத்தைத் திரையில் எழுதிக் காட்டும் அட்டைகளுக்குத் திரும்பிவிடுகிறது.

சில ஆண்டுகளிலேயே ஃபிலிமின் ஓரத்தில் ஒலியை ஒளிக்கோடாகப் பதியும் முறை தட்டுகளை ஓரங்கட்டியது. அதில் வெட்டினால் படமும் ஒலியும் சேர்ந்தே போகும். ஒட்டிய இடத்தில் 'டப்' என்று ஒரு சத்தம் மட்டும் வரும்; அதன் மேல் கறுப்பு மை பூசி அடக்கினார்கள்.