காற்று உடைத்த கண்ணாடிக்குப் பதில் எதை மாட்டுகிறீர்கள்?

விடிவதற்கு முன் வந்து அடிக்கும் சுமத்ரா காற்றும், பருவம் மாறும் மாதங்களில் பிற்பகலில் கொட்டும் இடிமழையும் மலேசியாவின் சுங்கை சிப்புட், பாகான் செராய், லூனாஸ் போன்ற தோட்டப்புறப் பட்டணங்களுக்குப் பழகிப்போனவை. தகரக் கூரை பறந்தால் ஊரே பேசும். கடை வரிசையின் மாடிப்படிக் கதவில் ஒரு சாண் அகலக் கண்ணாடி விரிசல் விட்டால் அதை யாரும் சேதக் கணக்கில் சேர்ப்பதில்லை. அன்று மாலையே பக்கத்துக் கண்ணாடிக் கடையில் 5 மி.மீ. கண்ணாடி வெட்டி, சிலிக்கன் பூசி மாட்டிவிடுகிறார்கள். கதவு பழையபடியே தெரிகிறது. ஆனால் அரை மணி நேரம் தீயைத் தாங்க வேண்டிய அந்தக் கதவு இனி ஐந்து நிமிடம் தாங்கினாலே பெரிது.

புதுக் கட்டடத்தில் சட்டத்தை மீறுவது அவ்வளவு எளிதல்ல. வரைபடம் பொம்பாவுக்கு, அதாவது தீயணைப்புத் துறைக்குப் போகிறது. 2007 ஏப்ரல் முதல் நடைமுறையில் இருக்கும் சி.சி.சி. எனும் கட்டட நிறைவுச் சான்றிதழ் முறையில், கட்டடக் கலைஞரோ பொறியாளரோ ஜி 1 முதல் ஜி 21 வரையிலான படிவங்களில் கட்டம் கட்டமாகக் கையெழுத்து வாங்கித் தன் பெயரில் சான்றிதழ் தர வேண்டும். பாதுகாப்பு கைநழுவுவது அதற்குப் பிறகு வரும் பழுதுபார்ப்பில்தான். மேல்மாடி டியூஷன் சென்டராகவோ கிளினிக்காகவோ தொழிலாளர் விடுதியாகவோ மாறும்போது, காற்று ஒரு கண்ணாடியை உடைக்கும்போது, யாரும் யாரையும் கேட்பதில்லை.

சாதாரணக் கண்ணாடி தீயில் ஏன் நிற்காது? வெப்பம் கண்ணாடியின் நடுப்பகுதியை விரியவைக்கிறது. மாட்டியிருக்கும் சட்டத்துக்குள் (ஃபிரேமுக்குள்) ஒளிந்திருக்கும் ஓரம் குளிர்ந்தே இருக்கிறது. இரண்டுக்கும் நடுவே ஏறத்தாழ 40 டிகிரி வேறுபாடு வந்ததுமே ஓரத்திலிருந்து விரிசல் ஓடிவிடும். சூடாக்கிச் சட்டெனக் குளிரவைத்துப் பலப்படுத்திய டெம்பர்ட் கண்ணாடி ஏறத்தாழ 200 டிகிரி வேறுபாட்டையும் தாங்கும். ஆனால் உடையும்போது முழுத் தகடும் ஒரே நொடியில் பொடியாக உதிர்ந்து, திறப்பு முழுதும் திறந்துவிடும். தீச்சோதனை உலையில் ஐந்தாவது நிமிடத்திலேயே வெப்பம் 576 டிகிரி, அரை மணியில் 842, ஒரு மணி நேரத்தில் 945. 'தடித்த கண்ணாடிதானே', 'லேமினேட்டட்தானே', 'பாதுகாப்பு ஃபிலிம் ஒட்டியிருக்கிறதே' என்ற சமாதானம் எதுவும் இங்கே எடுபடாது. லேமினேட்டட் கண்ணாடியில் இரு தகடுகளை ஒட்டவைக்கும் பி.வி.பி. படலமும் மேலே ஒட்டும் ஃபிலிமும் பிளாஸ்டிக்தான். தாமே எரியும்.

தீத்தடுப்புக் கண்ணாடி என்று விற்பதிலும் எல்லாம் ஒன்றல்ல. அதன் வகையைக் காட்ட இ (E) என்ற ஆங்கில எழுத்து மட்டும் இருந்தால் அது தீயையும் சுடுபுகையையும் மறுபக்கம் விடாது, அவ்வளவே. கண்ணாடி நிற்கும், அதன் வழியே அனல் தாராளமாக வீசும். இ.டபிள்யூ. (EW) என்றால் ஒரு மீட்டர் தூரத்தில் அந்த அனல் சதுர மீட்டருக்கு 15 கிலோவாட்டைத் தாண்டக்கூடாது. இ.ஐ. (EI) என்றால் மறுபக்கத்துக் கண்ணாடிப் பரப்பின் சராசரி வெப்பம் தொடக்கத்தில் இருந்ததைவிட 140 டிகிரிக்கு மேல் ஏறக்கூடாது, எந்த ஒரு புள்ளியிலும் 180ஐத் தாண்டக்கூடாது. ஏறத்தாழ 2.5 கிலோவாட் அனலையே மனித உடம்பு சில நிமிடங்களுக்கு மேல் பொறுக்காது. ஆகவே மாடியிலிருந்து இறங்கும் ஒரே வழியை ஒட்டி நீளமான கண்ணாடிச் சுவர் இருந்தால், அங்கே வெறும் இ வகை போதும் என்று சொல்பவரை நம்பாதீர்கள். கண்ணாடி உடையாமல் நின்றாலும் அந்தப் பக்கமாக ஆள் நடந்துபோக முடியாது.

இ.ஐ. கண்ணாடி அடுக்கடுக்காக இருக்கும். நடுவில் உள்ள தெளிந்த படலம் ஏறத்தாழ 120 டிகிரியில் பொங்கி, நுரைத்து, வெள்ளையாகி வெப்பத்தை மறிக்கும். ஒரு மணி நேரத் தகடு 23 மி.மீ. அளவில் தடித்து, சதுர மீட்டருக்கு 50 கிலோவைத் தாண்டும். இந்தப் படலத்துக்கு ஈரம் எமன். ஓரத்தைச் சுற்றி ஒட்டியிருக்கும் பட்டை கிழிந்தால் நம் ஊர் ஈரக்காற்று உள்ளே புகுந்து, சில மாதங்களில் விளிம்பிலிருந்து பால் போல வெளுக்கும், குமிழி விடும். அப்படிக் கண்டால் தகட்டை மாற்றியே ஆக வேண்டும். இதை வேலையிடத்தில் வெட்டவோ துளையிடவோ முடியாது. அளவு கொடுத்து ஆலையிலேயே செய்து வாங்க வேண்டும். லோரியில் படுக்கவைத்து வெயிலில் கொண்டுவந்தால் மாட்டும் முன்பே கெட்டுவிடும்.

பழைய கட்டடங்களில் நாம் அதிகம் பார்ப்பது கம்பி வலை பதித்த 6 மி.மீ. ஜோர்ஜியன் கண்ணாடி. தீயில் இது விரிசல் விடும். ஆனால் வலை துண்டுகளைப் பிடித்துக்கொள்ளும். யூ.பி.பி.எல். எனப்படும் 1984ஆம் ஆண்டுக் கட்டடத் துணைச் சட்டங்களின் 163ஆம் விதி, அரை மணி நேரக் கதவில் பார்வைக் கண்ணாடி கதவின் ஓர் இறக்கைக்கு 0.065 சதுர மீட்டருக்கு மேல் இருக்கக்கூடாது, எந்தப் பக்கமும் 1,370 மி.மீ.ஐத் தாண்டக்கூடாது, இந்தக் கம்பிக் கண்ணாடியைக் கெட்டி மரச் சட்டத்தில் பொருத்த வேண்டும் என்கிறது. கணக்குப் பார்த்தால் சதுரமாக ஏறத்தாழ 25 செ.மீ.க்கு 25 செ.மீ., அல்லது 10 செ.மீ. அகலத்தில் 65 செ.மீ. உயரம். அழகுக்காகத் துளையைப் பெரிதாக்கினால், அந்த அளவுக்கே தனியாகச் சோதித்துச் சான்று பெற்ற கதவாக இருக்க வேண்டும். ஒன்றை மறக்காதீர்கள்: கம்பி இருப்பதால் அது பலமான கண்ணாடி ஆகிவிடாது. மோதினால் சாதாரணக் கண்ணாடியைவிட எளிதில் உடையும், நீட்டிய கம்பி கையைக் கிழிக்கும். தடிக்கா எனும் பாலர் பள்ளியிலும் மற்றப் பள்ளிகளிலும் பிள்ளைகளின் கை படும் உயரத்தில் அது வேண்டாம். மழைச்சாரல் படும் இடத்தில் வெட்டிய ஓரக் கம்பி துருவேறிப் பருத்து, கண்ணாடியை உள்ளிருந்தே பிளக்கும். ஓரத்தில் பழுப்புக் கோடும் அதிலிருந்து கிளம்பும் மயிரிழை விரிசலும் தெரிந்தால் காரணம் இதுதான்.

கண்ணாடி சரியாக இருந்தும் தோற்றுப்போகும் இடம் அதைப் பிடித்திருக்கும் சட்டம். சாதாரண அலுமினியம் 660 டிகிரியில் உருகும். உலைக் கணக்கில் அது பத்து நிமிடத்துக்குள் வரும் வெப்பம். சட்டம் தொய்ந்தால் ஆயிரக்கணக்கில் கொடுத்து வாங்கிய கண்ணாடி முழுசாகவே விழும். கெட்டி மரம் கரிந்தாலும் மெதுவாகத்தான் கரியும், நிமிடத்துக்கு அரை மி.மீ. கணக்கில். சோதனை அறிக்கையில் எந்தச் சட்டம், கண்ணாடியைப் பிடிக்கும் எந்த மரச்சில்லு, எத்தனை மி.மீ. இடைவெளியில் எந்த நீளத் திருகாணி, எந்தப் பட்டை என்று எழுதியிருக்கிறதோ அதே கூட்டுத்தான் சான்று பெற்றது. அதில் ஒன்றை மாற்றினாலும் சான்று போயிற்று. கண்ணாடிக்குச் சுற்றிலும் விரிய இடம் விட வேண்டும். அடியில் பிளாஸ்டிக் துண்டு வைக்கக்கூடாது, அது உருகிக் கண்ணாடி இறங்கிவிடும். எரியாத பலகைத் துண்டோ கெட்டி மரத் துண்டோ வேண்டும். சட்டத்துக்கும் சுவருக்கும் இடையே உள்ள சந்தில் நுரைத்து உப்பும் சாதாரண பி.யூ. ஃபோம் அடித்துப் பூசி மறைப்பது நம் குத்தகையாளர்களிடம் ஊறிப்போன பழக்கம். அந்த ஃபோம் எரியும் பொருள். கல்பஞ்சு (ராக் வூல்) திணித்து, வெப்பத்தில் உப்பும் பூச்சால் அடைக்க வேண்டும்.

காற்றின் கணக்கு தனி. நம் காற்றுச்சுமைத் தரமான எம்.எஸ். 1553 தீபகற்பத்தை இரு வலயமாகப் பிரித்து, அடிப்படைக் காற்று வேகத்தை வினாடிக்கு 33.5, 32.5 மீட்டர் என வைக்கிறது. 33.5 மீட்டர் காற்று சதுர மீட்டருக்கு ஏறத்தாழ 690 நியூட்டன் அழுத்தும். நாலடிக்கு நாலடிச் சன்னலில் அது 100 கிலோ எடையைச் சாய்த்து வைத்ததுபோல. கட்டட மூலைகளில் இன்னும் கூடும். சன்னல் உடைந்து காற்று உள்ளே புகுந்தால் கூரையை அடியிலிருந்து தூக்கும்.

1992இல் ஆண்ட்ரூ சூறாவளி தெற்கு ஃபுளோரிடாவைச் சிதைத்த பிறகு அங்கே விதியை மிகவும் இறுக்கினார்கள். 4 கிலோ எடையுள்ள மரக்கட்டையை வினாடிக்கு 15 மீட்டர் வேகத்தில் கண்ணாடிமேல் அடித்து, பிறகு உள்ளும் புறமுமாக 9,000 முறை அழுத்தம் மாற்றிப் பார்ப்பார்கள். எல்லைக் கோட்டுக்கு நெருங்கிய சுவரில் வரும் சன்னல் அந்தச் சோதனையையும் தீச்சோதனையையும் சேர்த்தே தாண்ட வேண்டியிருக்கும். அங்குள்ளவர்கள் பட்டுத் தெரிந்துகொண்டது நமக்கும் பொருந்தும்: சூறாவளிக் கண்ணாடி என்பதாலேயே அது தீயைத் தாங்கிவிடாது, தீத்தடுப்புக் கண்ணாடி காற்றைத் தாங்கும் என்று தானாக எடுத்துக்கொள்ளவும் முடியாது. 1996இல் சபாவைத் தாக்கிய கிரெக், 2001இல் ஜொகூர் பக்கம் கரையேறிய வாமெய் தவிர, வெப்பமண்டலப் புயல் நமக்கு அரிது. மரக்கட்டைச் சோதனை சான்று உள்ள இறக்குமதிக் கண்ணாடியைக் காட்டி 'எல்லாவற்றையும் தாங்கும்' என்று விற்க வந்தால், தீத்தடுப்புச் சான்று எங்கே என்று கேளுங்கள்.

காற்று செய்யும் இன்னொரு கெடுதல் கண்ணில் படுவதில்லை. படிக்கட்டுக் கதவு காற்றில் படார் படாரென அடிக்கிறது, கண்ணாடி அதிர்கிறது. உடனே யாராவது ஒரு பெயிண்ட் டின்னை முட்டுக்கொடுத்துவிடுகிறார்கள், அல்லது டோர் குளோசரின் கையைக் கழற்றிவிடுகிறார்கள். எல்லாத் தீத்தடுப்புக் கதவிலும் தானே மூடும் கருவி இருக்க வேண்டும் என்பது அதே துணைச் சட்டங்களின் 164ஆம் விதி. வெப்பம் பட்டால் விடுவிக்கும் பிடியை வைத்துக் கதவைத் திறந்து வைக்கவும் அது இடம் தருகிறது. ஆனால் பாதுகாக்கப்பட்ட படிக்கட்டுக்கும் நடைவழிக்கும் அந்தச் சலுகையும் இல்லை. கதவு அடித்தால் குளோசரில் உள்ள திருகாணியைக் கால் சுற்று, அரைச் சுற்று இறுக்கி மூடும் வேகத்தைக் குறையுங்கள். எண்ணெய் கசிந்திருந்தால் மாற்றுங்கள். கதவின் எடைக்கு ஏற்ற அளவுதானா என்றும் பாருங்கள்.

காற்றுக்கும் திருட்டுக்கும் பயந்து எல்லாச் சன்னலையும் கிரில் போட்டு அடைப்பதைப் பற்றியும் சொல்லியாக வேண்டும். 2017 செப்டம்பர் 14 அதிகாலை கோலாலம்பூரில் ஒரு சமயப் பள்ளி விடுதியில் 23 பேர் தீயில் இறந்தார்கள். சன்னல்களில் கிரில் இருந்தது. லேமினேட்டட் கண்ணாடியும் உள்ளிருந்து எளிதில் உடையாது. ஆள் தூங்கும் எந்த மாடியிலும் சாவியில்லாமல் உள்ளிருந்து திறக்கும் வழி வேண்டும். வெளியேறும் கதவுக்கு 173ஆம் விதி அதையே கட்டாயமாக்குகிறது.

உடைந்த கண்ணாடியை மாற்றும் முன் மூலையில் பொறித்திருக்கும் முத்திரையைப் படமெடுத்து வையுங்கள்: தயாரிப்புப் பெயர், தரம், நிமிடம். உடைசலைத் தூக்கியெறிந்த பிறகு அங்கே என்ன இருந்தது என்று யாராலும் சொல்ல முடியாது. புதியதை வாங்கும்போது பொம்பாவின் பெராக்குவான் பாஹான் எனும் பொருள் ஒப்புதல் சான்றும் சோதனை அறிக்கையும் கேளுங்கள். சான்று காலாவதியாகவில்லையா, அதில் உள்ள சட்டமும் அளவும் உங்களுடையதோடு ஒத்துப்போகிறதா என்று பாருங்கள். பொருத்தியபின் முத்திரை மரச்சில்லுக்குள் மறையாமல் வெளியே தெரிய வேண்டும். ஆண்டுதோறும் தீச்சான்றிதழ் புதுப்பிக்கும் கட்டடமானால் இந்தத் தாள்களை அந்தக் கோப்பிலேயே சேர்த்துவிடுங்கள்.

ஆர்டர் செய்த கண்ணாடி வரச் சில வாரங்கள் ஆகலாம். அதுவரை திறப்பை பிளைவுட்டாலோ அட்டையாலோ மறைக்காதீர்கள். எரியாத கால்சியம் சிலிகேட் பலகையை இருபுறமும் திருகி அடைப்பதே மேல். அதையும் கட்டடக் கலைஞரிடம் காட்டிவிட்டுச் செய்யுங்கள். கதவின் எடை கூடுவதால், அது தானே முழுதாக மூடித் தாழ் விழுகிறதா என்று அன்றே சோதித்துப் பாருங்கள்.