நடுங்கும் கையை விடுங்கள், விரலைப் பாருங்கள்

நல்லூர்த் திருவிழாக் காலத்தில் ஒரு நாள், கொழும்பில் படிக்கும் மாணவி ஒருவர் தாயுடன் எனது சிகிச்சை அறைக்கு வந்தார். வலது தோளில் வலி. கையைப் பக்கவாட்டில் உயர்த்தினால் பாதி வழியில் சுள்ளென்று பிடிக்கிறது, அதைத் தாண்டினால் விட்டுவிடுகிறது. கிணற்றில் தண்ணீர் அள்ளினீர்களா, பாட்மின்டன் விளையாடுகிறீர்களா என்று கேட்டேன். இரண்டும் இல்லை.

“நாலு மாதமாக எயார் பிஸ்டல் பழகுகிறேன் மிஸ்” என்றார்.

“துவக்கு, பிள்ளை. வேறு விளையாட்டே கிடைக்கவில்லையாம்” என்றார் தாய். சொல்லிவிட்டு ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்.

யாழ்ப்பாணத்தில் எங்கள் வயதுக்காரர்களுக்கு அந்தச் சொல்லோடு வேறு நினைவுகள்தான் முதலில் வரும். அந்தத் தாயின் முகத்தை நான் சிறிதாக எண்ணவில்லை. ஆனாலும் மகள் கற்பது வேறொரு காரியம்: காற்றழுத்தத்தால் சுடும் விளையாட்டுப் பிஸ்டல். 10 மீற்றர் தூரத்தில் ஒரு இலக்கு. 4.5 மில்லிமீற்றர் ஈயச் சன்னம். இலக்கின் நடுவில் பத்துப் புள்ளிக்குரிய வட்டம் 11.5 மில்லிமீற்றர், ஒரு சட்டைப் பொத்தான் அளவுதான். பிஸ்டலை ஒரே கையால் பிடித்து, நின்றபடி அதைச் சுடவேண்டும். போட்டியில் 60 சன்னங்கள், 75 நிமிடங்கள். உடலும் மனமும் அடங்கினால்தான் இதில் முன்னேறலாம்.

அவருடைய பெரிய கவலை வலிகூட அல்ல. “கை ஆடிக்கொண்டே இருக்கிறது மிஸ். ஆட்டம் நிற்கும்வரை பிடித்துக்கொண்டு நிற்கிறேன், நிற்பதாக இல்லை” என்றார். எவ்வளவு நேரம் பிடிப்பீர்கள் என்றேன். இருபது விநாடி, சில நேரம் அதற்கும் மேல். வலிக்கும் குறி தவறுவதற்கும் காரணம் ஒன்றே என்பது எனக்கு அப்போதே விளங்கியது.

உயிருள்ள எந்தக் கையும் ஆடும். தசைநார்கள் ஒரே நேரத்தில் சுருங்குவதில்லை. மாறி மாறிச் சுருங்குகின்றன. அதனால் விநாடிக்கு எட்டு முதல் பன்னிரண்டு தடவை வரை மெல்லிய நடுக்கம் எல்லோருக்கும் இருக்கிறது. இதயத்தின் துடிப்பும் கையில் தெரியும். களைப்பு, பயம், வெறும் வயிற்றில் குடித்த கடும் பிளேன்ரீ எல்லாம் அதைக் கூட்டும். ஒலிம்பிக் பதக்கம் வென்றவரின் கையும் ஆடத்தான் செய்கிறது. பயிற்சியால் அந்த ஆட்டத்தின் வட்டம் சிறுக்கிறது, அவ்வளவுதான்.

அப்படியானால் சன்னம் எங்கே வழிதவறுகிறது? அதை அவருக்குக் காட்ட ஒரு சிறிய சோதனை செய்தேன். இரத்த அழுத்தம் பார்க்கும் கருவியின் துணிப்பட்டையைச் சுருட்டி, பிஸ்டலின் கைப்பிடி அளவுக்குக் கட்டி, 20இல் முள் நிற்கும்வரை காற்றை ஏற்றினேன். அதைக் கையில் பிடித்துக்கொள்ளச் சொன்னேன். “இப்போது சுட்டுவிரலை மட்டும் மடக்குங்கள், விசையை அழுத்துவதுபோல.” மடக்கினார். முள் துள்ளி 40ஐத் தாண்டியது. சுட்டுவிரலோடு மற்ற மூன்று விரல்களும் சேர்ந்து இறுகியிருந்தன. அவருக்கு அது தெரியவே இல்லை. முள்ளைக் காட்டியபோது, “நான் ஒன்றும் செய்யவில்லையே” என்றார்.

இதுதான் புதியவரின் முதல் எதிரி. விரல்கள் பிறப்பிலேயே ஒன்றோடொன்று கட்டுண்டவை. ஒன்றை அசைத்தால் அடுத்தது கூடவே வரும். அத்துடன், குறி சரியாகத் தெரிந்த கணத்தில் “இப்போதே” என்று மனம் அவசரப்படுகிறது. விசையை அழுத்துவதற்குப் பதிலாகப் பிடுங்குகிறோம், முழுக் கையும் இறுகி மணிக்கட்டு வளைகிறது. வலக்கைக்காரரின் சன்னங்கள் இலக்கின் கீழே இடப்பக்கமாகக் குவிந்தால், பெரும்பாலும் காரணம் இதுதான்.

கணக்கில் பார்த்தால் இன்னும் தெளிவாகும். துவக்கின் முனையில் நிற்கும் சிறு கட்டையை முன்குறி என்போம். பின்னால் உள்ள பள்ளத்தைப் பின்குறி என்போம். இரண்டுக்கும் இடையில் ஏறத்தாழ 33 சென்ரிமீற்றர். 10 மீற்றர் என்பது அதைப்போல முப்பது மடங்கு. பள்ளத்துக்குள் முன்குறி ஒரே ஒரு மில்லிமீற்றர் விலகினால், இலக்கில் சன்னம் மூன்று சென்ரிமீற்றர் விலகும், பத்து ஏழாகிவிடும். மாறாக, இரு குறிகளும் ஒத்திருக்க, அவை இலக்கின்மேல் ஒரு சென்ரிமீற்றர் அலைவதாகத் தெரிந்தால், சன்னமும் அந்த ஒரு சென்ரிமீற்றருக்குள்தான் விழும். ஒன்பதாவது கிடைக்கும். அந்த அலைவைச் சகித்துக்கொள்ளலாம். குறிகள் தம்முள் விலகுவதைத்தான் சகிக்கக்கூடாது. அவற்றை விலக்குவது விரல்.

துரோணர் கேட்டபோது பறவையின் கண் மட்டும் தெரிகிறது என்று அருச்சுனன் சொன்ன கதையை நாங்கள் எல்லோரும் கேட்டு வளர்ந்தோம். பிஸ்டல் பழகுபவரை அந்தக் கதை வழிதவற வைத்துவிடும். கண்ணால் ஒரே நேரத்தில் கை நீள தூரத்தையும் 10 மீற்றரையும் கூர்மையாகப் பார்க்க முடியாது. ஒன்றைத் தெரிவு செய்யவேண்டும், அது முன்குறி. இலக்கு மங்கலாகத் தெரியட்டும். பலர் கறுப்பு வட்டத்தின் நடுவில் குறி வைக்காமல், அதற்குக் கீழே உள்ள வெள்ளைப் பகுதியில் முன்குறியை நிறுத்துவதற்குக் காரணமும் இதுதான்: வெள்ளையில் கறுப்புக் கட்டையின் விளிம்பு துல்லியமாகத் தெரியும். மற்றக் கண்ணை இறுக்கி மூடாதீர்கள், முகத்தசைகள் இறுகும். ஒரு மறைப்பு வைத்துக்கொண்டு இரு கண்களையும் திறந்து வைத்திருங்கள்.

நிற்கும் முறைக்கு ஒரு சோதனை போதும். கண்களை மூடிக் கையை உயர்த்துங்கள், பிறகு திறவுங்கள். குறி இலக்குக்கு வலமோ இடமோ நின்றால் கையை இழுத்துத் திருத்தாமல் பாதத்தை நகர்த்துங்கள். சும்மா இருக்கும் கையைச் சட்டைப்பையில் போட்டுவிடுங்கள். 2024 பாரிஸ் ஒலிம்பிக்கில் 51 வயதான துருக்கிய வீரர் யூசுப் திகெச் சட்டைப்பையில் கையை விட்டபடி சுட்ட படம் உலகமெங்கும் பரவியது. அது அலட்சியமல்ல. தொங்கும் கை ஊசலாடினால் உடலும் கூட ஆடும். கலப்பு அணிப் போட்டியில் அவருக்கு வெள்ளிப் பதக்கம் கிடைத்தது.

இனி நான் அழுத்திச் சொல்ல விரும்பும் விடயம், நேரம். குறி நிலைக்கு வந்தபின் ஐந்து முதல் எட்டு விநாடிகளுக்குள் சுட்டுவிட வேண்டும். அதற்கு மேல் பிடித்தால் தோள் களைக்கிறது, பாதி மூச்சை விட்டு அடக்கியிருப்பவருக்குப் பார்வை மங்கத் தொடங்குகிறது. நீட்டிய கையின் நுனியில் ஒரு கிலோ எடை என்பது தோள்மூட்டுக்குச் சிறிய சுமையல்ல. அந்த மாணவியின் தோளில் தசைநாண் அழற்சி தொடங்கியிருந்ததற்குக் காரணம் அந்த இருபது விநாடிகளே. எட்டு விநாடிக்குள் விசை போகவில்லையா? கையை இறக்குங்கள். மூச்சு விடுங்கள். மறுபடி உயர்த்துங்கள். இறக்குவது தோல்வி என்று புதியவர்கள் நினைக்கிறார்கள். நல்ல வீரர்கள் ஒரு போட்டியில் எத்தனையோ தடவை சுடாமலே இறக்குகிறார்கள்.

நடுக்கத்தை நிறுத்த மாத்திரை இருக்கிறதா என்று சிலர் என்னிடம் கேட்டதுண்டு. இருக்கிறது, தொடவே கூடாது. இதயத் துடிப்பைக் குறைக்கும் புரப்ரனொலோல் போன்ற பீற்றா தடுப்பு மருந்துகள் இந்த விளையாட்டில் முற்றாகத் தடை. 2008 பெய்ஜிங் ஒலிம்பிக்கில் வடகொரியாவின் கிம் ஜோங் சு பிஸ்டல் போட்டிகளில் ஒரு வெள்ளியும் ஒரு வெண்கலமும் வென்று, அந்த மருந்தினால் இரண்டையும் இழந்தார். ஆஸ்துமா உள்ளவருக்கு அது உயிராபத்தாகவும் முடியலாம்.

மாணவிக்கு இரண்டு வாரம் முழு ஓய்வு கொடுத்தேன். இறப்பர் பட்டையால் தோளை வெளிப்புறம் திருப்பும் பயிற்சியும், தோள்பட்டை எலும்பைப் பின்னிழுக்கும் பயிற்சியும் முதலில். பிறகுதான் தண்ணீர்ப் போத்தல். கால் லீற்றரில் தொடங்கி, வலி இல்லாவிட்டால் மட்டும், வாரங்கள் செல்லச் செல்ல ஒரு லீற்றர்வரை. போத்தலின் கழுத்தைப் பிடித்து வெள்ளைச் சுவரை நோக்கி நீட்டவேண்டும். எட்டு விநாடி, இறக்கு, அரை நிமிட ஓய்வு, பத்துத் தடவை. துணிப்பட்டைச் சோதனை தினமும் ஐந்து நிமிடம். மூன்றாவது வாரத்தில் சுட்டுவிரல் மடங்கும்போது முள் 24ஐத் தாண்டவில்லை. இரவில் படுக்கவிடாத வலி, விரல்களில் விறைப்பு, கை தானாக விழுவது ஆகியவை இருந்தால் பயிற்சியை நிறுத்திவிட்டு மருத்துவரைப் பாருங்கள்.

போரில் வலக்கையை இழந்த ஒருவர், இடக்கையால் இந்த விளையாட்டு முடியுமா என்று ஒருமுறை கேட்டார். அவருக்கு ஹங்கேரியின் கரோலி டக்காச்சைப் பற்றிச் சொன்னேன். 1938இல் கைக்குண்டு வெடித்து, சுடும் வலக்கை சிதைந்தது. இடக்கையால் முதலிலிருந்து பழகி, 1948 லண்டனிலும் 1952 ஹெல்சிங்கியிலும் 25 மீற்றர் விரைவு பிஸ்டலில் ஒலிம்பிக் தங்கம் வென்றார். கேட்டவர் நெடுநேரம் தன் இடக்கையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

ஒன்றை மட்டும் யாரும் தளர்த்தக்கூடாது. இலங்கையில் துவக்குகளுக்கு 1916ஆம் ஆண்டிலிருந்தே கட்டளைச் சட்டம் இருக்கிறது. அனுமதியுள்ள தளத்தில், பயிற்றுநர் முன்னிலையில் மட்டுமே பழகுங்கள். சுடும் கணம்வரை விரல் விசைக்கு வெளியே, முனை எப்போதும் இலக்கின் பக்கம். வீட்டில் போத்தல் போதும்.

கடைசியாக வந்தபோது, வீட்டில் யார் நேரம் பார்க்கிறார்கள் என்று மகளிடம் கேட்டேன். தாயைக் காட்டினார். மாலையில் குசினி வாசலில் இருந்து மரக்கறி நறுக்கியபடியே எண்ணுகிறாராம். எட்டு என்றவுடன் கத்தியை வைத்துவிட்டு, “காணும், இறக்கு பிள்ளை” என்று சத்தம் போடுவாராம்.